எக்ஸ்பி ஏற மறுத்த கணினியும் இருபதாண்டுக் கோப்பும்

நீலத் திரையில் வெள்ளை எழுத்துகளில் தோன்றும் அந்த அறிவிப்பை, கணினியோடு சிறிதளவேனும் காலங்கழித்த என் தலைமுறையினர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், மூன்றே நாள்களில் பதினொரு தடவை அதனை நான் கண்டேன். எண்ணியவன் நானல்லன், என் சகோதரியின் மகன். வரிசையாகப் பூச்சியங்கள், முடிவில் 7 என்ற இலக்கம், அதன்பின் 'பீ' என்ற ஆங்கில எழுத்து. "மாமா, இந்த ஏழு பீ உங்கட வயசுக்காரங்களத்தான் தேடி வருகுது" என்று அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பணிசெயல் முறைமையை, கடையிலிருந்து வந்து ஒரு மாதமும் ஆகாத கணினியொன்றில் ஏற்ற முனைந்தோம். 2001 ஒக்டோபர் 25ஆம் திகதி வெளிவந்த முறைமை அது. 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் நிறுத்திக்கொண்டது. அடக்கம் செய்து பத்தாண்டுகள் ஆன ஒன்றை இப்போது தோண்டுவானேன் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது.

மருதமுனையைச் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியை ஒருவர் தம் கணவருடன் என் வீட்டுக்கு வந்திருந்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது அவருக்கு மூன்று வயது. அவரது உம்மா அன்றே மௌத்தாகிவிட்டார். வளர்த்தெடுத்தவர் உம்மம்மா. அந்த உம்மம்மாவும் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூடாரங்களில் மக்கள் தங்கியிருந்த நாள்களில், நான் அந்த மூதாட்டியிடம் நெடுநேரம் பேசிக் குறிப்பெடுத்துச் சென்றதை அவர் பேத்தியிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "உம்மா கடைசியா என்ன செய்தாங்க எண்டு உம்மம்மா உங்களுக்கிட்ட முழுசாச் சொன்னதாம். எனக்கிட்ட ஒருநாளும் முழுசாச் சொல்லல்ல சேர், அழுதிடுவாங்க" என்றார் அவர். இருபதாண்டு நிறைவதற்குள் அதனை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்பதே அவரது வேண்டுகோள்.

அந்தப் பேரழிவில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று தொடர்ந்து கிடக்கும் ஊர்களின் கடற்கரை வீதிகள் ஒரு காலைப்பொழுதில் இல்லாமற்போயின. அந்த மூதாட்டி சொன்னவற்றுள் பத்திரிகையில் வெளிவந்தவை நான்கு வரிகள். அது பத்திரிகையின் குற்றமன்று. அன்றைய பக்கங்களில் நான்கு வரி கிடைத்ததே பெரிது. முழுவதையும், அதுபோன்ற மற்றையோர் வாக்குமூலங்களோடு சேர்த்து, ஒரு நூலாக்க எண்ணி நானே பக்கம் அமைத்தேன். ஐம்பத்திரண்டு பக்கங்கள். அச்சிடக் காசு சேரவில்லை. நூல் வரவில்லை. கோப்பை ஓர் இறுவட்டில் எழுதி, உறையின்மேல் நீலப் பேனாவால் 'கடல் – 2005' என்று குறித்து, அலுமாரியில் வைத்தேன்.

ஏன் காகிதத்தில் எடுத்து வைக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். காகிதத்தை நம்பியவனாகத்தான் நானும் இருந்தேன். செய்தியை எழுதி உறையிலிட்டு, கொழும்புக்குப் போகும் பஸ் சாரதியின் கையில் ஒப்படைத்த காலத்திலிருந்து வெட்டி ஒட்டிப் பேணிய பத்திரிகைத் துணுக்குகள் ஓர் அலுமாரி நிறைய என்னிடம் இருந்தன. அன்றைய அலை அந்த அலுமாரியைக் கொண்டுபோயிற்று. அதன்பின்பே, இனிக் கணினியிலேயே எல்லாவற்றையும் வைப்பது என்று முடிவெடுத்தேன். கடலுக்குத் தப்பிய எழுத்து காலத்துக்கும் தப்பும் என்று நம்பினேன்.

இறுவட்டு வாசிக்கப்பட்டது என்பதை முதலில் நன்றியோடு சொல்லிவிடுகிறேன். எங்கள் கடற்கரையின் உப்புக் காற்றில் இரும்புக் கதவே உளுத்துப்போகிறது; பத்தொன்பது வருட இறுவட்டு வாசிக்கப்பட்டது அல்லாஹ்வின் கிருபை. கோப்பு இருந்தது. திறப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அது பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யப்பட்டது. 1985இல் அல்டஸ் நிறுவனம் வெளியிட்டு, 1994இல் அடோபியின் கைக்கு வந்து, 2001இல் ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருள். அதன் பின்வந்த இன்டிசைன், பேஜ்மேக்கர் கோப்புகளைச் சிலகாலம் திறந்தது. பின்னைய பதிப்புகளில் அந்த வசதியும் கைவிடப்பட்டது. என்னிடமிருந்த பழைய பேஜ்மேக்கரை நிறுவ முயன்றால் புதிய விண்டோஸ் அசையவில்லை. பழைய நிறுவல் நிரல்களுள் பல பதினாறு பிட் வகையைச் சேர்ந்தவை. இன்றைய அறுபத்துநான்கு பிட் விண்டோஸ் அவற்றை இயக்காது. என் பழைய கணினியோ தாய்ப்பலகை பழுதாகி என்றோ இரும்புக்காரனிடம் போயிற்று. ஆகவே, பழைய மென்பொருளுக்காகப் பழைய முறைமை. பழைய முறைமைக்காக இந்தப் போராட்டம்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் பகுதியில் அச்சகம் வைத்திருப்போர், பழைய கோப்புகளோடு அல்லற்படுவோர் சிலருக்காவது பயன்படும்.

முதலில் இறுவட்டிலிருந்து கணினி எழவேயில்லை. இன்றைய கணினிகள் பழைய 'பயோஸ்' முறையில் எழுவதில்லை, யூ.ஈ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் எழுகின்றன. முப்பத்திரண்டு பிட் எக்ஸ்பிக்கு அந்த மொழி தெரியாது. பழைய முறைக்கு இடங்கொடுக்கும் ஓர் இசைவு ஏற்பாடு சில தாய்ப்பலகைகளில் இன்னும் உண்டு. அதனைத் தேடி இயக்கி, கையொப்பமில்லாத முறைமைகளைத் தடுக்கும் பாதுகாப்புப் பூட்டையும் அகற்ற வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டளவில் இந்தப் பழைய முறைக்கு முற்றாக விடைகொடுக்கப் போவதாக இன்டெல் 2017இலேயே அறிவித்திருந்தது. எனவே இனி வரும் கணினிகளில் இந்த வாசலும் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம்.

இதற்கிடையில் மருமகன் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட வேண்டும். புதிய கணினியின் வன்தட்டைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி என் கையில் தந்துவிட்டு, வேறொரு பழைய தட்டைப் பொருத்திய பின்னரே அவன் வேலையைத் தொடங்கினான். புதிய தட்டுகள் ஜீ.பி.டி. என்ற முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். எக்ஸ்பியின் நிறுவல் நிரலுக்கு அந்தப் பிரிவுகள் விளங்காது. விளங்காததை அழித்துவிட்டுத் தொடரவா என்று அது கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் உள்ளதெல்லாம் போய்விடும். பழையதைக் காப்பாற்றப் போய்ப் புதியதை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கணினி எழுந்தது. நிறுவல் தொடங்கியது. ஏழு பீ! இதன் பொருள் எளிது. முறைமை தன்னை எழுதவேண்டிய தட்டைக் காண முடியவில்லை என்கிறது. எக்ஸ்பி வெளிவந்த காலத்தில் வன்தட்டுகள் அகன்ற பட்டைக் கம்பியால் இணைக்கப்பட்ட ஐ.டி.ஈ. வகையின. பின்னர் வந்த ஏ.எச்.சி.ஐ. என்ற முறைக்கான இயக்கி நிரல் அதனிடம் இல்லை. அது எக்ஸ்பியின் பிழையுமன்று; பிறவாத பிள்ளைக்குப் பெயர் எழுதிவைக்க எவராலும் முடியாது. சில ஆண்டுகளுக்கு முந்திய தாய்ப்பலகைகளில் இதற்கு ஒரு நொடியில் தீர்வு உண்டு: பயோஸில் ஏ.எச்.சி.ஐ. என்பதை ஐ.டி.ஈ. என்று மாற்றிவிட்டால் போதும். எங்கள் பலகையில் அந்தத் தெரிவே இல்லை.

மற்றொரு வழி, நிறுவலின் தொடக்கத்தில் எஃப் ஆறு என்ற விசையை அழுத்தி, வேண்டிய இயக்கியை நெகிழ்வட்டிலிருந்து கொடுப்பது. ஆம், நெகிழ்வட்டு! இக்காலப் பிள்ளைகள் அதனைச் சேமிப்புப் பொத்தானின் படமாக மட்டுமே அறிவார்கள். மூன்றாவது வழியாக, என்லைட் என்ற மென்பொருளைக் கொண்டு அந்த இயக்கியை இறுவட்டின் உள்ளேயே புகுத்திப் புதிய இறுவட்டொன்று எழுதினான். அது பலித்தது. ஏழு பீ மறைந்தது. தொடர்வதற்கு 'என்டர்' விசையை அழுத்துமாறு திரை கேட்டது. அழுத்தினோம். ஒன்றும் நிகழவில்லை. விசைப்பலகை செத்துக் கிடந்தது. யூ.எஸ்.பி. மூன்றாம் தலைமுறைத் துளைகளை எக்ஸ்பி அறியாது. ஆதலால் அவற்றில் செருகிய விசைப்பலகையையும் அறியாது. (எக்ஸ்பிக்கு எட்டு ஆண்டு இளைய விண்டோஸ் 7ஐப் புதிய கணினிகளில் ஏற்ற முயன்றவர்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள்.) வட்ட முனை கொண்ட ஊதா நிறப் பழைய விசைப்பலகை ஒன்றைச் சாய்ந்தமருதுக் கடையொன்றின் மூலையிலிருந்து இருநூறு ரூபாவுக்கு வாங்கிவந்தோம். நல்லகாலமாக அதற்குரிய துளை பலகையில் இருந்தது. பாதி நிறுவல் முடிந்து கணினி மறுபடி எழுந்தது... கறுப்புத் திரை. மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் நான் தோல்வியை ஒப்புக்கொண்டேன்.

தோற்ற இரவில் உறக்கம் வரவில்லை. நம் எழுத்து எங்கே சிறைப்பட்டது என்பதைப் பற்றியே மனம் சுழன்றது. பணிசெயல் முறைமைகள் மாறுவது இயல்பு. ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரின் 1990களின் கோப்பை இன்று ஏதோ ஒரு மென்பொருளால் திறந்து, வடிவம் குலைந்தாலும் சொற்களை வாசித்துவிடலாம். என் கோப்பை அப்படித் திறந்தபோது கிடைத்தது என்ன தெரியுமா? 'கல்முனை' என்ற ஊர்ப்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப், வை, அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி என்று ஆறு ஆங்கிலக் குறிகள். கடைசி மூன்றையும் சேர்த்து வாசித்தால் ஆங்கிலத்தில் பிள்ளை என்று பொருள்! என் ஊரின் வாலில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தொங்குவதை அன்றுதான் கண்டேன்.

பாமினி எழுத்துருவின் கதை இது. இலங்கையில் இருந்த தமிழ்ப் பத்திரிகையாளர், அச்சகத்தார், பாடசாலை எழுதுவினைஞர் ஆகியோரில் பாமினியைத் தொடாதவர் குறைவு. தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசை வரிசையைத் தழுவியதாகையால் கை உடனே பழகிற்று. ஆனால் கணினிக்குள் அது தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, அவற்றின்மேல் தமிழ் உருவங்களைச் சட்டையாகப் போர்த்தியது. சட்டையைக் கழற்றினால் உள்ளே தமிழ் இல்லை. 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். 'இலங்கை' என்பதன் முதலெழுத்து ஒரு காற்புள்ளி! உண்மையான காற்புள்ளி வேண்டுமானால் வேறொரு குறியை அடிக்க வேண்டும். ஐகாரக் கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே தோன்றுவதால் கோப்பிலும் முன்னேயே நிற்கும். உச்சரிக்கும் ஒழுங்கு வேறு, சேமிக்கும் ஒழுங்கு வேறு.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. ஒருங்குறி என்று நாம் சொல்லும் யுனிகோட்டின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்பியிலும் லதா என்ற ஒருங்குறி எழுத்துரு இருந்தது. ஆனால் அது தானாக இயங்காது. பிராந்திய, மொழித் தெரிவுகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துகளுக்கும் வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்குமான கோப்புகளை நிறுவுக என்ற ஒரேயொரு கட்டத்தில் குறியிட்டு, எக்ஸ்பியின் இறுவட்டையும் செருக வேண்டும். அரபும் தமிழும் அந்த ஒரே கட்டத்தினூடாகவே கணினிக்குள் வந்தன என்பது எங்கள் ஊர்களுக்குப் பொருத்தமான விடயம். அந்தக் கட்டம் இருப்பதை அறிந்தவர் எத்தனை பேர்? அறிந்தும் பயனில்லை; பேஜ்மேக்கருக்கு ஒருங்குறி தெரியாது. பக்கம் அமைக்கும் தொழிலில் இருந்தவர்கள் பாமினியை விட்டு நகராததற்குச் சோம்பல் காரணமன்று. 2008இல் இலங்கை கட்டளைகள் நிறுவனம் 1326 என்ற இலக்கத்தில் ஒருங்குறியை ஒட்டிய தமிழ் நியமத்தை வெளியிட்ட பின்னரும், அச்சுக்கூடத்து மேசைக்கு அது வந்துசேரப் பல ஆண்டுகள் பிடித்தன.

எங்கள் சமூகத்துக்கு இந்த அனுபவம் புதிதன்று. நம் மூதாதையர் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் ஆக்கினார்கள். மார்க்க நூல்கள், கவிதைகள், மருத்துவம், கடிதங்கள் என்று தலைமுறை தலைமுறையாக அரபுத் தமிழில் எழுதினார்கள். என் உம்மம்மாவின் பெட்டியில் அத்தகைய நூலொன்று இருந்தது. அவர் அதனைச் சரளமாக வாசிப்பார். என் உம்மா திக்கித் திக்கி வாசிப்பார். எனக்கு ஒரு வரி தெரியாது. தமிழும் தெரியும், அரபு எழுத்தும் தெரியும். இரண்டும் கூடிய அந்த நூல் மட்டும் தெரியாது! இன்று கிழக்கிலே எத்தனை வீடுகளில் அவை தீண்டுவாரற்றுக் கிடக்கின்றனவோ! ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அரபுத் தமிழில் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற ஒழுங்கு இருந்தது. நூலைத் திறக்க மின்சாரமோ அனுமதியோ வேண்டியதில்லை. கற்றறிந்த ஒருவர் எஞ்சியிருந்தாலும் அது மீளும். பாமினிக் கோப்பை வாசிக்க எழுத்துரு வேண்டும், அதற்குமுன் மென்பொருள், அதற்குமுன் முறைமை, அதற்குமுன் அந்த முறைமையை ஏற்கும் இயந்திரம். இந்தச் சங்கிலியில் எது அறுந்தாலும் எழுத்து ஊமையாகிவிடுகிறது.

நான்காம் நாள் காலை மருமகன் வந்தான். "மாமா, எக்ஸ்பிக்கு ஏற்ற கணினிய நாமளே உண்டாக்குவம்" என்றான். வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் புதிய விண்டோஸிலேயே நிறுவினான். கணினிக்குள் ஒரு போலிக் கணினியை அது உருவாக்குகிறது. அந்தப் போலிக் கணினிக்கு ஐ.டி.ஈ. தட்டு உண்டு, நெகிழ்வட்டுச் செலுத்தியும் வேண்டுமானால் உண்டு. எக்ஸ்பி தான் பிறந்த காலத்து இயந்திரத்தில் இருப்பதாகவே நம்பிக்கொள்கிறது. நினைவகத்தில் 512 மெகாபைட், தட்டில் 10 கிகாபைட் ஒதுக்கினோம். இறுவட்டிலிருந்து எடுத்த பிரதியைக் கொடுத்தோம். நாற்பது நிமிடங்களுக்குள் பச்சைக் குன்றும் நீல வானமும் ஒரு சாளரத்துக்குள் தோன்றின. மூன்று நாள் நாங்கள் முட்டிய சுவருக்குப் பக்கத்திலேயே வாசல் இருந்திருக்கிறது.

இணைய இணைப்பை மட்டும் அந்தப் போலிக் கணினிக்குக் கொடுக்கவில்லை. இதில் எவரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, மைக்ரோசொப்ட், தான் கைவிட்ட எக்ஸ்பிக்கே விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட நேர்ந்தது. அத்தகைய விதிவிலக்கை எப்போதும் எதிர்பார்க்க முடியாது.

எனக்குத் தெரிந்த அச்சக உரிமையாளர் ஒருவர் இன்றும் மூன்று எக்ஸ்பிக் கணினிகளை ஓட்டுகிறார். "வேலை செய்யுற மாட்ட ஏன் விக்கணும்?" என்பது அவரது வாதம். உதிரிப் பாகங்களுக்காக இன்னும் இரண்டு பழைய பெட்டிகளை வாங்கி வைத்திருக்கிறார். அவரைக் கண்டு நகைக்கும் இளைஞர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கல்முனையிலும் சுற்றுப்புறங்களிலும் வெளிவந்த பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் வரலாறுகள், கவிதைத் தொகுதிகள், மரண அறிவித்தல்கள் என்று இருபதாண்டு எழுத்து அவரது தட்டுகளில் இருக்கிறது. அவற்றுள் பல அச்சிலும் இன்று கிடைக்காதவை. ஆனால் அவர் செய்வதிலும் உடன்பாடில்லை. மாடு ஒருநாள் சாகும். அன்று அவர் வீட்டுப் பிள்ளைகள் பெட்டியை இரும்புக்காரனிடம் கொடுப்பார்கள், நான் கொடுத்ததைப் போலவே.

அச்சில் உள்ளதை ஒளிவருடி, எழுத்துணரி மென்பொருளால் மீட்டுவிடலாமே என்று மருமகன் கேட்டான். அச்சில் உள்ளதற்கு அது சரி. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி வைத்திருப்பதனாலேயே எத்தனையோ தப்பிப்பிழைத்தன. அச்சேறாத கோப்புகளுக்கு அந்த வழியும் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை முன்மாதிரி வேறொன்று உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை முதலில் அக்காலக் குறிமுறைகளிலேயே மின்வடிவாக்கியது. ஒருங்குறி வந்தபோது, செய்ததையெல்லாம் அப்படியே விட்டுவிடாமல், மாற்றிப் புதுப்பித்துத் தந்தது. தன்னார்வலர்கள் ஓய்வு நேரத்தில் செய்த வேலை அது. நம்மிடம் ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறது. கணினி கற்ற பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஒரு போலிக் கணினி, சில பழைய எழுத்துருக்கள், ஒரு மாற்றி மென்பொருள், பிழை பார்க்கப் பாமினி அறிந்த இரண்டு மூத்த கணினித் தட்டச்சர்கள் போதும். இந்தப் பட்டியலில் விரைவாகக் குறைந்துவருபவர்கள் கடைசியாகச் சொன்னவர்களே. அந்த அச்சகத்தாரிடம் இதையே சொன்னேன். ஒரு தட்டைப் பிரதி எடுக்க மட்டும் இசைந்திருக்கிறார். பெட்டிகளைத் தொடக்கூடாதாம்!

என் கோப்புக்கு வருகிறேன். பேஜ்மேக்கர் திறந்தது. ஐம்பத்திரண்டு பக்கங்களும் அப்படியே இருந்தன. நான் அன்று விட்டிருந்த எழுத்துப்பிழைகள்கூட! முதலில் பக்கங்களைப் பீ.டி.எப். ஆக்கிக்கொண்டோம், அது கண்ணுக்கு. பின்னர் எழுத்தை மட்டும் வெளியே எடுத்து, ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருளில் கொடுத்தோம். இணையத்தில் சுரதாவின் மாற்றியும் என்.எச்.எம். மாற்றியும் அந்நாளைய வலைப்பதிவர்களுக்கு நன்கு தெரிந்தவை. முன்னே நிற்கும் கொம்புகளைப் பின்னே கொண்டுவருவது, ஒகரத்தின் இரு துண்டுகளையும் ஒன்றாக்குவது முதலிய வேலைகளை இத்தகைய மாற்றிகள் செம்மையாகச் செய்கின்றன. ஒன்று மட்டும் அவற்றால் இயலாது. எழுத்துரு நீக்கிய வெற்றுரையில் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று அவற்றுக்குத் தெரியாது. நான் ஆங்கில எழுத்துருவில் அடித்திருந்த ஒவ்வொன்றும் உருத்தெரியாத தமிழாயிற்று. அவற்றைத் திருத்த எனக்கு ஒன்பது நாள்கள் சென்றன.

டிசம்பர் 24ஆம் திகதி மாலை அந்த ஆசிரியை வந்தார். அவரது உம்மம்மா சொன்னவை ஆறு பக்கங்கள். அவற்றைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன். என் மனைவி தேநீர் வைத்தார்; அவர் அதைத் தொடவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். அங்கே என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அது அவருக்கு உரியது, இங்கே எழுதுவதற்கில்லை.

வாசித்து முடித்தபின் முதற்பக்கத்தைத் திருப்பி, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"சேர், எங்கட வீட்டு இலக்கம் 12இ எண்டு கிடக்கு. அப்படியில்லையே. காணி உறுதியில வெறும் 12 தான் இருக்கு. அந்த வீட்ட நான் கண்ட நினைவில்ல, ஆனா உறுதி என்னட்ட இருக்கு. இந்த 'இ' எங்கயிருந்து வந்த?"

இலக்கத்தையும் அதன்பின் வரும் காற்புள்ளியையும் நான் 2005இல் ஆங்கில எழுத்துருவில் அடித்திருக்கிறேன். ஒன்பது நாள் பிழை பார்த்தும் என் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை. பேனாவை எடுத்து 'இ'யை வெட்டிக் காற்புள்ளி இட்டுக் கொடுத்தேன். அவர் சென்றபின் கோப்பைத் திறந்து மற்ற முகவரிகளைப் பார்த்தேன். பதினேழு வீடுகளில் 'இ' இருந்தது.